தவறணை விலாசம்

சேசு மரி சூசை துணை

சீசா, பலேர்மோ, இத்தாலி
5.5.1993

அன்பின் அத்தானுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். உங்களுடைய சுகத்தையும் சிஞ்ஞோர் கூசுமானோவின் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறோம். நிற்க.

கடித உறையில் விலாசம் எழுதும்போது எனக்குக் கை கூசியது. மன்னாரில் எங்கள் அப்பா கள்ளுத் தவறணைப் பக்கத்து ஒழுங்கையால்கூட எங்களைப் போக விட்டதில்லை. இப்போது அவருடைய மகள் தன் புருசனுக்குத் தவறணை விலாசத்துக்குக் கடிதம் எழுதுகிறாள். அகஸ்ரீனா அக்கா உறையை வாங்கிப் பார்த்துவிட்டு, "உன்ரை மனுசன் அங்கையே பதிஞ்சிட்டாரோ?" என்று கேட்டார். கோயிலடியில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது.

சிஞ்ஞோருக்கு எண்பது வயதில் இப்படி ஓர் ஆசை. இளம் வயதில் கப்பல் பழுதாகி அயர்லாந்தில் நின்ற குளிர்காலத்தில் தான் இருந்து குடித்த தவறணைகளை எல்லாம், கண் முழுதாக மங்க முன்னர் இன்னொரு தரம் பார்க்க வேண்டுமாம். வீட்டில் அவரைப் பராமரிக்கிற நீங்கள் அதற்கு ஏன் என்று அவருடைய மகளைக் கேட்டேன். "அப்பாவுக்குப் பீலிக்ஸ்தான் கண்" என்று சிஞ்ஞோரா சொன்னார். சரி, கண்ணாக இருங்கள். வாயாக இருக்க வேண்டாம்.

நான் வேலைக்குப் போகிற சிஞ்ஞோரா வீட்டு வாசலில் ஆமி இன்னும் நிற்கிறது. போன வருடம் மாபியா நீதிபதிகளுக்குக் குண்டு வைத்ததிலிருந்து மேல்மாடி நீதிபதிக்குக் காவல். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது எப்படியோ கடந்துவிடுவேன். இப்போது அவர்களைக் கண்டதும் கை தானாக மேலே போகிறது, கைப்பையைத் திறந்து காட்டுகிறேன். அவர்கள் கேட்பதே இல்லை. சின்னப் பெடியள், தங்களுக்குள் பார்த்துச் சிரிக்கிறார்கள். றெபேக்கா அவர்களுக்கு "ச்சாவ்" சொல்லிக் கை அசைக்கிறாள். நான் அவளுடைய கையைத் தட்டிவிடுகிறேன். ஆமிக்காரனுக்குக் கை காட்டுகிற பிள்ளையை நான் எங்கே பெற்றேனோ தெரியாது.

குளிருக்குள் தலையை மூடிக்கொண்டு போங்கள்.

உங்கள்
றோசமலர்

*

சேசு மரி சூசை துணை

டப்ளின்
16.5.1993

என் அன்பான றோசாவுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. அதைப் போத்தல்களுக்கு நடுவில், கண்ணாடிக்கு முன்னால், ஒரு மாதா சுருவத்தைப்போல நிறுத்தி வைத்திருந்தார்கள். நான் சுகம். நீரும் செல்லமும் சுகமாக இருக்க மன்றாடுகிறேன்.

இந்தத் தவறணைக்கு எண்ணூறு வயது என்கிறார்கள். கூரை பதிவு. உள்ளே போகும்போதே தலையில் வாங்கிக்கொண்டேன். சிஞ்ஞோர் உட்கார்ந்ததும் மேசையின் பலகையைத் தடவுவார். பிறகு, "என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்பார். நான் இத்தாலியனில் சொல்ல வேண்டும். கல் பாவிய நிலம், மேடும் பள்ளமும். சுவரெல்லாம் படங்கள், எந்த எந்த நாட்டுத் தாள்காசோ ஒட்டியிருக்கிறது. மூலையில் ஒரு கிழவர் யாரையும் பாராமல் பாடுகிறார். சிஞ்ஞோர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "மணிக்கூடு எங்கை?" என்றார். மணிக்கூடு இல்லை என்றேன். இருக்கும், தேடு என்றார். தேடிப் பார்த்தால் கதவுக்குப் பின்னால், ஓடாமல், தொங்குகிறது. அவருடைய முகத்தை நீர் பார்த்திருக்க வேண்டும்.

எனக்குத் தோடம்பழச் சாறுதான், பயப்பட வேண்டாம். இங்கேயும் குடிப்பதில்லை என்று மாதாவுக்கோ யேசுவுக்கோ வாக்குக் கொடுத்து, சட்டையில் சின்னச் சின்னம் குத்திக்கொண்டு திரிகிற ஆட்கள் இருக்கிறார்களாம். என்னையும் அப்படி நினைத்து மரியாதையாகத் தருகிறார்கள். மறுக்கவில்லை.

ஒரு விஷயம். சிஞ்ஞோர் எல்லாவற்றிலும் பெரிதாக ஆசைப்படுவது வடக்கில் பெல்பாஸ்ற்றில் இருக்கிற ஒரு தவறணைக்கு. இன்னும் காஸ் விளக்குத்தான் எரிகிறதாம். மரத்தால் செய்த சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றுக்கும் கதவும் மணியும். உள்ளே போய்ச் சாத்திக்கொண்டால் யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாதாம். ஆனால் அது எல்லைக்கு அங்கால், பிரிட்டிஷ்காரரின் பக்கம். அங்கே ஆமி நிற்கிறது. என்னுடைய விசாவும் இந்தப் பக்கத்துக்கு மட்டும்தான். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

நாளை மேற்குப் பக்கம் போகிறோம். டெனிஸ் என்று ஒரு ஊர்க்காரரைக் காரோடு பிடித்திருக்கிறோம். உறையின் பின்னால் இருக்கிற விலாசத்துக்கு எழுதும். அதுவும் தவறணைதான், மன்னியும்.

அன்புடன்
பீலிக்ஸ்

*

சேசு மரி சூசை துணை

பலேர்மோ
28.5.1993

அன்பின் அத்தான்,

நாங்கள் சுகம். உங்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. நிற்க.

வடக்குக்குப் போகக்கூடாது. சிஞ்ஞோர் அழுதாலும் போகக்கூடாது. விசா இல்லாமல் பிடித்தால் உங்களை இத்தாலிக்கா அனுப்புவார்கள்? கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே விமான நிலையத்திலிருந்து எங்கே கொண்டுபோவார்கள் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கடிதம் வந்த நாளிலிருந்து அந்த ஒரு பந்தியையே திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

என் தம்பி றமேசை மறந்துபோனீர்களா? அன்றைக்கு பஸ்ஸை மறித்தபோது எல்லோரும் இறங்கி, கையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனார்கள். அவனுக்குக் காய்ச்சல். கொஞ்சம் பிந்தி இறங்குவோம் என்று சீற்றிலே இருந்தான். ஆமிக்காரன் உள்ளே ஏறினான். இறங்கிய அத்தனை பேரும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். இருந்தவன் வரவில்லை.

ஆகையால் கேளுங்கள். போக வேண்டாம். ஆனால் அந்த மனுசன் எப்படியும் உங்களை இழுப்பார், நீங்களும் இளகிய ஆள். தப்பித்தவறி எங்கேயாவது ஆமியைக் கண்டால் முதல் ஆளாக இறங்குங்கள். கை இரண்டையும் தூக்குங்கள். அவர்கள் வரும்வரை பார்த்துக்கொண்டு நிற்காமல் நீங்களாக அவர்களிடம் நடந்து போங்கள். இருக்க மட்டும் வேண்டாம்.

இதை எழுதிவிட்டு மாதாவின் படத்துக்கு முன்னால் வைத்துத்தான் ஒட்டுகிறேன்.

உங்கள்
றோசமலர்

*

சேசு மரி சூசை துணை

கோல்வே பக்கம்
10.6.1993

என் அன்பான றோசாவுக்கு,

சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீர் பயப்பட ஒன்றும் இல்லை. மாட்டேன் என்று சிஞ்ஞோரிடம் சொல்லிவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லது. சாப்பிடாமல், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இந்தத் தவறணையை நீர் பார்த்தால் சிரிப்பீர். முன்பக்கம் பலசரக்குக் கடை. சீனி, மெழுகுதிரி, றப்பர் சப்பாத்து எல்லாம் வாங்கலாம். ஒரு திரைக்கு அங்கால் குடிக்கிற இடம். அதற்கும் பின்னால் சவப்பெட்டி செய்கிறார்கள். பிறந்ததிலிருந்து போகிறவரைக்கும் ஒரே வாசல் போதும். வீட்டுக்கார அம்மாவின் பெயர் நோறா. மேல்மாடியில் எங்களுக்கு அறை தந்திருக்கிறார். நேற்று ஊரில் ஒரு செத்தவீடு. அடக்கம் முடிந்து எல்லோரும் இங்கேதான் வந்தார்கள். அழுதார்கள், பிறகு பாடினார்கள், பிறகு செத்தவரைப் பற்றிப் பகிடி சொல்லிச் சிரித்தார்கள். "என்ன தெரியுது?" என்று சிஞ்ஞோர் கேட்டார். செத்த ஆளின் கதிரையை வெறுமையாக விட்டு, அதற்கு முன்னால் ஒரு கிளாஸ் ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்றேன். எனக்கு றமேசின் நினைப்பு வந்தது. அவனுக்கு நாங்கள் இன்னும் பூசை சொல்லுவிக்கவில்லை. செத்தவனென்று வைப்பதா, இருக்கிறவனென்று வைப்பதா.

இதை ஏன் எழுதினேனோ தெரியாது. செல்லத்துக்கு முத்தம்.

அன்புடன்
பீலிக்ஸ்

*

சேசு மரி சூசை துணை

பலேர்மோ
22.6.1993

அன்பின் அத்தான்,

நாங்கள் சுகம். கடிதம் கிடைத்து உயிர் வந்தது.

மாட்டேன் என்று சொன்னது நல்லது. சிஞ்ஞோர் சாப்பிடாவிட்டால் சூப் வைத்துக் கொடுங்கள். பசி வந்தால் திரும்பிப் படுப்பார். றமேசைப் பற்றி எழுதியதற்கு நான் பதில் எழுத மாட்டேன், கோபிக்க வேண்டாம்.

உங்களுடைய வதிவிடப் பெர்மெஸ்ஸோவை ஐப்பசியில் புதுப்பிக்க வேண்டும். அதற்குள் வந்துவிடுங்கள். கெதியாகப் பதில் போடுங்கள்.

உங்கள்
றோசமலர்

*

சேசு மரி சூசை துணை

பலேர்மோ
8.7.1993

அத்தான்,

சுகமா? பதில் ஒன்றும் வரவில்லை. இத்தாலித் தபால் இப்படித்தான் என்று அகஸ்ரீனா அக்கா சொல்கிறார். நானும் இரண்டு கிழமை அப்படியே சொல்லிக்கொண்டு இருந்தேன்.

இன்று சிஞ்ஞோராவிடம் கேட்டேன். "அப்பா ரெலிபோன் எடுத்தார், எல்லாம் நலம்" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடித்த துணியை எடுத்துத் திரும்ப மடித்தார். அந்த மனுசி ஒரு நாளும் துணி மடிக்கிறதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு மலை ஏறிப் புனித றோசலியா அம்மாவின் குகைக்கோயிலுக்குப் போனேன். எங்களுடைய சனம் நிறைய வந்திருந்தது, சைவக்காரரும் தேங்காயோடு வந்திருந்தார்கள். எல்லோரும் உங்களைக் கேட்டார்கள். சுகம் என்று சொன்னேன். குகைக்குள் முழந்தாளிட்டபோது செபமே வரவில்லை, உங்களுடைய பெயர்தான் வந்தது.

ஒரு வரி எழுதுங்கள்.

றோசமலர்

*

12.7.1993

அன்பின் றோசமலர்,

நான் நல்ல சுகம். பேனை சரியில்லை. இடமும் வசதியில்லை. ஆகையால் கொஞ்சமாக எழுதுகிறேன். வடக்குக்குப் போகவில்லை. சிஞ்ஞோராவிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். தேட வேண்டாம். வருவேன்.

பீலிக்ஸ்

*

சேசு மரி சூசை துணை

பலேர்மோ
23.7.1993

இதை வாசிக்கிறவர் யாராக இருந்தாலும்,

ஒரு கடிதம் வந்தது. முத்திரை அயர்லாந்து முத்திரைதான். எழுத்து என் புருசனுடைய எழுத்து இல்லை. அவர் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவர். இது முதலாம் வகுப்புப் பிள்ளை எழுதியதுபோல வரிகள் ஏறியும் இறங்கியும் கிடக்கின்றன. மேலே சேசு மரி சூசை இல்லை. என்னை முழுப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறது. செல்லத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

ஊரில் பிடிபட்ட பெடியளின் வீடுகளுக்கு இப்படித்தான் கடிதம் வரும். நான் நல்ல சுகம், தேட வேண்டாம். அதை வாசித்துவிட்டுத் தாய்மார் ஒப்பாரி வைப்பார்கள். எனக்கு அழுகை வரவில்லை, குளிர்ந்தது. இந்த வெயிலுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டு இருந்தேன்.

அத்தான், நீங்கள்தான் எழுதினீர்கள் என்றால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். எங்களுடைய கலியாணத்தன்று நீங்கள் போட்டிருந்த சப்பாத்து யாருடையது? இது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். தெரிந்த மற்றவன் இப்போது இல்லை.

பதில் வராவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நான் குவெஸ்தூராவுக்கு, பொலிசுக்கே, போவேன். என்னிடம் பெர்மெஸ்ஸோ இல்லையென்று பார்க்க மாட்டேன். என்னைப் பிடித்தால் பிடிக்கட்டும்.

றோசமலர்

*

சேசு மரி சூசை துணை

நோறாவின் வீடு
3.8.1993

என் அன்பான றோசாவுக்கு,

சப்பாத்து றமேசுடையது. ஒரு அளவு சின்னது. கோயிலில் முழந்தாளிட்டு எழும்ப முடியாமல் நான் நெளிந்தபோது, நீர் முகத்திரைக்குள் சிரித்தீர். குவெஸ்தூராவுக்குப் போக வேண்டாம். போன கடிதத்தையும் நான்தான் எழுதினேன். இடது கையால் எழுதினேன், இதையும் அப்படித்தான். வலது மணிக்கட்டு முறிந்து பிளாஸ்ரர் போட்டிருக்கிறது.

நான் பொய் சொன்னேன். வடக்குக்குப் போனோம்.

சிஞ்ஞோர் பட்டினி கிடந்தார். ஒரு காலை என்னைக் கிட்டக் கூப்பிட்டு, முகத்தைக் கையால் தடவிப் பார்த்தார். இனி எல்லாவற்றையும் இப்படித்தான் பார்க்க வேண்டும் என்றார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. நான் இளகிய ஆள் என்று நீர் சொன்னது சரி. சாமான் வாங்கவே சனம் அங்கால் போய் வருகிறது, வெளிநாட்டுப் பாஸ்போட்டை யார் பார்க்கப்போகிறான் என்று டெனிசும் சொன்னார்.

சின்ன ரோட்டு. இரண்டு பக்கமும் வேலி, மாடுகள். ஒரு வளைவில் வேலிக்குள்ளிருந்து ஒரு ஆமிக்காரன் எழும்பினான். முகத்தில் கரி பூசியிருந்தான். கையைக் காட்டினான். டெனிஸ் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். அங்கே அதுதான் முறையாம். உள்ளே இருந்தபடியே பெயரைச் சொன்னால் விட்டுவிடுவார்களாம். எனக்கு அது தெரியாது. பார்த்தால் என்னுடைய கதவு திறந்திருக்கிறது, நான் ரோட்டில் நிற்கிறேன், கை இரண்டும் மேலே. நின்ற இடத்தில் நின்றிருந்தாலும் பரவாயில்லை. அவர்களை நோக்கி நடந்தேன்.

கத்தினார்கள். ஒன்றும் விளங்கவில்லை. நில் என்கிறார்களோ வா என்கிறார்களோ. ஊரில் நின்றவனுக்குத்தான் அடி விழும், ஆகையால் இன்னும் வேகமாக நடந்தேன். முன்னால் நின்றவன் சின்னப் பெடியன். என்னைக் கண்டு அவனுக்குப் பயம். துவக்கை என் முகத்துக்கு நேரே பிடித்தான். அவன் சுடப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது. றோசா, எனக்குச் சலம் போய்விட்டது. வேறு ஒருவருக்கும் இதைச் சொல்ல மாட்டேன்.

பக்கத்திலிருந்து ஒருவன் பாய்ந்து என்னை விழுத்தினான். கையை ஊன்றி விழுந்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

அந்த நேரம் காரின் மற்றக் கதவு திறந்தது. சிஞ்ஞோர் இறங்கிவிட்டார். டெனிஸ் பிடிக்க, உதறிவிட்டுப் பொல்லைத் தட்டித் தட்டி நேரே அந்தத் துவக்கை நோக்கி வருகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. "பீலிக்ஸ், என்ன தெரியுது, சொல்லு" என்று கேட்டார், தவறணையில் கேட்கிறதுபோல. முகம் ரோட்டில் கிடக்கச் சொன்னேன்:

"சிஞ்ஞோர், அசையாதேங்கோ. முன்னுக்கு மூண்டு பேர் நிக்கினம். ஒருத்தன்ரை துவக்கு உங்கடை நெஞ்சுக்கு நேரை. பொல்லைக் கீழை போடுங்கோ."

அவர் போட்டார். நடுரோட்டில் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். பிறகு, "இன்னும் என்ன?" என்றார்.

"வேறை ஒண்டும் இல்லை. ஒரு சப்பாத்து. கொஞ்சம் புல்லு."

நாங்கள் இருவரும் இப்படிக் கதைத்ததைக் கேட்டுத்தானோ என்னவோ, அவர்களில் மூத்தவன் அந்தப் பெடியனின் துவக்கை மெல்லக் கையால் கீழே பதித்தான்.

அதன் பிறகு ஒரு கொட்டிலில் இருத்தி விசாரித்தார்கள். அடிக்கவில்லை, பொய் சொல்லக்கூடாது. ஒருவன் தேத்தண்ணி தந்தான். பாஸ்போட்டைப் பார்த்துப் பெயரை எழுதினார்கள். விசா இல்லை என்று பின்னேரம் இந்தப் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே ஆஸ்பத்திரியில் கையைக் கட்டினார்கள். நோறா எனக்குச் சோறு தீத்திவிடாத குறை. பெயரை எழுதினதுதான் எனக்குப் பயம். ரோமில் இறங்கும்போது என்ன கேட்பார்களோ. அதனால்தான் உமக்கு உண்மையை எழுதவில்லை, சிஞ்ஞோராவையும் சொல்ல விடவில்லை. உம்முடைய கடிதங்கள் எல்லாம் கீழே போத்தல்களுக்கு நடுவில் நின்றன. ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டு போனேன்.

நேற்று சிஞ்ஞோர், அந்தக் காஸ் விளக்குத் தவறணை எப்படி இருந்தது என்று கேட்டார். நாங்கள் போகவில்லையே என்றேன். தெரியும், சொல்லு என்றார். நோறாவிடம் அதன் படம் போட்ட தபாலட்டை ஒன்று இருந்தது. அதைப் பார்த்தும் பாராமலும் சொன்னேன். மஞ்சள் வெளிச்சம், செதுக்கின மரம், கதவு போட்ட சின்ன அறைகள். அறைக்குள் யார் இருக்கினம் என்று கேட்டார். றமேஸ் இருக்கிறான் என்று வாயில் வந்துவிட்டது. காய்ச்சல்காரன், கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறான் என்றேன். அவருக்கு றமேஸ் யாரென்று தெரியாது. "நல்லது, இருக்கட்டும்" என்றார்.

இந்த மாதம் இருபத்தெட்டாம் திகதி ரோமுக்கு ரிக்கற் எடுத்திருக்கிறது. அங்கிருந்து ரயில்.

அன்புடன்
பீலிக்ஸ்

*

சேசு மரி சூசை துணை

பலேர்மோ
14.8.1993

அன்பின் அத்தான்,

நானும் பிள்ளையும் சுகம். உங்களுடைய கை சுகமாக வேண்டும். நாளைக்கு மடு மாதா திருநாள். இங்கே கடையெல்லாம் பூட்டு, ஊர் முழுக்கக் கடற்கரைக்குப் போய்விட்டது. வீட்டில் நானும் உங்களுடைய கடிதமும்.

முதலில் நல்ல செய்தி. சிஞ்ஞோரா தெரிந்த வழக்கறிஞரிடம் விசாரித்தார். பாஸ்போட்டில் முத்திரை ஒன்றும் அடிக்காவிட்டால் ரோமில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். பெர்மெஸ்ஸோவும் ஐப்பசி வரைக்கும் செல்லும். கேட்டால் சிஞ்ஞோர் பக்கத்தில் நின்று சொல்வார். அவர் சொல்லட்டும், அது அவர் உங்களுக்குச் செய்ய வேண்டியது.

நீங்கள் எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள். நான் எழுதினதைப் பற்றி ஒரு இடத்திலும் இல்லை. இறங்குங்கள், கையைத் தூக்குங்கள், அவர்களிடம் நடந்து போங்கள் என்று எழுதியது நான்தானே. நீங்கள் அதை விட்டுவிட்டு எழுதியதை நான் கண்டேன். கண்டேன் என்று சொல்லாமல் விடவும் என்னால் முடியவில்லை.

றமேஸ் இருந்தபடியால்தான் கொண்டுபோனார்கள் என்று நான்கு வருடமாக நம்பியிருந்தேன். அப்படி நம்பினால், இறங்கினால் தப்பலாம் என்று ஒன்று கையில் இருந்தது. இப்போது எனக்குத் தெரியாது. ஏன் கொண்டுபோனார்களோ தெரியாது. எதைச் செய்தால் விடுவார்களோ அதுவும் தெரியாது. இதற்கு முன் இருந்த பயத்தைவிட இது பெரிய பயம். ஆனாலும் அவனுக்குக் கதவு போட்ட ஒரு அறை கொடுத்தீர்களே, அதை வாசித்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

இன்று காலை வேலைக்குப் போகும்போது கையைத் தூக்கவில்லை. கைப்பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். றெபேக்கா வழக்கம்போலக் கை அசைத்தாள், தட்டிவிடவில்லை. பெடியன் திரும்ப அசைத்தான். அவ்வளவுதான் நடந்தது. மாடிப்படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் மேலே போனேன்.

இனிக் கேளுங்கள், இந்த முறை நான் சொல்வதை மட்டும் செய்யுங்கள். பலேர்மோ ஸ்ரேசனிலும் ஆமி நிற்கிறது, மேடையிலேயே நிற்கிறார்கள். யன்னலால் கண்டதும் உங்களுடைய கால் இறங்கப் பார்க்கும், கை எழும்பப் பார்க்கும். நல்ல கையால் சிஞ்ஞோரைப் பிடித்துக்கொள்ளுங்கள். என்ன தெரியுது என்று கேட்டால், றோசமலர் நிற்கிறாள் என்று சொல்லுங்கள். சனம் எல்லாம் இறங்கிப் போகட்டும். நீங்கள் இறங்க வேண்டாம். சீற்றிலே இருங்கள். நான் ஏறி வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

உங்கள்
றோசா